பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் அடங்கும் லென்ஸ்

லென்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நீளம், எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், எதற்காக, எல்லாமே தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் இப்படித்தான் நடக்கும்.

நான் ஆரணியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றியும் ஊரில் எல்லோரிடமும் யோசனை உண்டு. அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்குப் பட்டுப்புடவை வியாபாரம், வீட்டின் முன்பக்கமே கடை. கேமரா என்னிடம் வந்ததுகூட அந்தக் கடையால்தான். வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸப்பில் புடவைப் படம் அனுப்ப வேண்டும், போனில் எடுத்தால் நிறம் மாறிவிடுகிறது, மாம்பழ மஞ்சள் கேட்டவருக்கு எலுமிச்சை மஞ்சள் போய்ச் சேர்ந்து சண்டையாகிறது என்று மாமா ஒரு கேமரா வாங்கினார். வாங்கிய பிறகு அதைத் தொடப் பயந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். டீச்சர்தானே, உனக்குத் தெரியாதா என்று கடைசியில் அது என் தலையில் விழுந்தது. கூடவே வந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு புடவையும் எடுத்தேன், லீவு நாளில் ஏரிக்கரைக்குப் போய்க் கொக்கும் எடுத்தேன். புடவை நன்றாக வரும். கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக வரும். அக்கா மகனுக்குக் கல்யாணம் முடிவாகும்வரை எனக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

அக்காவுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த காய்ச்சல் ஒன்று காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேச்சு வந்துவிட்டிருந்ததால் பேசுவாள். தன் குரல் தனக்கே கேட்காததால் ஏற்ற இறக்கம் இல்லாமல், சில நேரம் தெருமுனைவரை கேட்கிற மாதிரி பேசுவாள். மற்றவர்கள் பேசுவதை வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று குசுகுசுவென்று பேசினால் எங்கள் ஜன்னலிலிருந்தே அப்படியே ஒப்பிப்பாள். ஊர் வம்பு எதுவானாலும் காது கேட்கிற நாங்கள் அவளிடம்தான் கேட்டுக்கொள்வோம். காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது வெறும் இரைச்சலைத்தான் கொண்டுவருகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். எதிரில் முகம் தெரிந்தால் அவளுக்குப் பேச்சு உண்டு, முகம் திரும்பிக்கொண்டால் ஒன்றும் கிடையாது.

அக்கா மகன் கல்யாணத்துக்குக் கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று சபையில் அறிவிப்பதை நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்கா அதைச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணு வேணும்டி. அவன் உறுதிமொழி சொல்றத நான் பாக்கணும்.”

“மொத பெஞ்சுலதானக்கா உக்காரப் போற.”

“மொத பெஞ்சுல உக்காந்தா முதுகுதான் தெரியும்.”

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். எத்தனை கல்யாணத்துக்கு அவளோடு போயிருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் பீடத்தைப் பார்த்து நிற்பார்கள். போதகர் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார், அவரைப் பார்த்துக்கொண்டே இவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். சபைக்கு மைக்கில் குரல் வரும். அக்காவுக்கு வருவது கோட்டுப் போட்ட ஒரு முதுகு. இருப்பதோ ஒரே மகன்.

“எங்க கொயர் பெஞ்சுல வந்து உக்காந்துக்கயேன். அங்கருந்து மூஞ்சி தெரியும்,” என்றேன். கொயர் என்பது கோயில் பாடகர் குழு, நான் அதில் பாடுகிறவள்.

“மாப்ள அம்மா அவ எடத்த விட்டுட்டு ஓரமா வந்து எட்டிப் பாப்பாளா? சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க?”

“அப்ப அவங்கிட்ட சொல்லி கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லலாம்.”

“அவங்கிட்ட மூச்சு வுடாத,” என்றாள். “அன்னைக்கி ஒரு நாளாவது என் காதப் பத்தி நெனைக்காம அவன் நிக்கட்டும். நீ கொயர்லதான உக்காந்துகினு இருப்ப. கேமராவுல புடிச்சிக் குடு. வாய் தெரியணும். அவ்ளோதான் எனக்கு.”

அவ்வளவுதானாம். அந்த அவ்வளவுதானுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கல்யாணத்துக்கு என்று அமர்த்துகிற போட்டோக்காரர்களால் இது முடியாது. முன்பு ஒரு கல்யாணத்தில் வீடியோ எடுக்க வந்தவர்கள் குடை விளக்கோடு பீடத்துப் படியில் ஏறி, பூச்சாடியைத் தள்ளி உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கேமராக்காரர் யாரும் மணமக்களைத் தாண்டி முன்னால் போகக் கூடாது என்று சபையில் விதி. அவர்களுக்கும் அக்காவைப் போல முதுகுதான் கிடைக்கும். பாடகர் குழுவின் பெஞ்சுகள் மட்டும்தான் படிக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கின்றன. மணமக்கள் படிக்குக் கீழே நிற்பார்கள். மேலேயிருந்து பார்க்கிற எங்களுக்கு முக்கால்வாசி முகம் தெரியும்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குக் கேமராவை எடுத்துப் போனேன். கூடப் பாடுகிற ஒருத்தியை மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் நிற்க வைத்துப் பேசச் சொல்லி, என் இடத்திலிருந்து எடுத்தேன். முகம் சுண்டுவிரல் நகம் அளவு வந்தது. வாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. போனில் முயன்றேன். போனில் ஜூம் செய்தால், அதுவும் எங்கள் கோயில் டியூப் லைட்டில், முகம் மெழுகாக உருகிவிடுகிறது. உதடும் பல்லும் ஒன்றாகிப் போன அந்த முகத்தில் அக்கா எதைப் படிப்பாள்? தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்று வேண்டும், வேறு வழியில்லை.

போதகரிடம் போய்க் கேட்டேன்.

“கொயர்ல உக்காந்துகினு கேமராவாம்மா?” என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

யாருக்காக என்று சொன்னேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிரசங்கத்தின்போது அவர் தலையைக் குனிந்து படித்தால், “ஐயா, நிமிந்து சொல்லுங்க” என்று அக்கா நடுக்கோயிலில் சொல்லியிருக்கிறாள்.

“சரி. ஆனா பீரங்கி மாதிரி எதனா தூக்கினு வந்து நீட்டக் கூடாது. பாட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னால அடங்கணும். சபைக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அடுத்த கல்யாணத்துல எல்லாரும் வந்து நிப்பாங்க.”

இப்படியாகத் தேவை தீர்மானமாகிவிட்டது. வாய் தெரிகிற அளவு இழுக்க வேண்டும், பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் அடங்க வேண்டும், என் கை நடுக்கத்தைத் தாங்க வேண்டும். இதற்கு மேல் ஒரு கணக்கு டீச்சருக்கு என்ன வேண்டும்? விடையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இன்டர்நெட்டில் உட்கார்ந்தேன். அங்கேதான் என் பொறுமைக்கு முதல் அடி விழுந்தது. லென்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மீன்கொத்தியின் கண்ணைக் காட்டுகிறார்கள். ஓரத்தில் கூர்மை குறைகிறது என்கிறார்கள், பின்னால் மங்குவது வெண்ணெய் மாதிரி இல்லை என்கிறார்கள், பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இதைவிட நல்லது இருக்கிறதே என்கிறார்கள். ஒருத்தரை நம்பிக் காது கொடுத்துக் கேட்டால், அடுத்த வீடியோவில் அவரே போன மாதம் சொன்னது தப்பு என்கிறார். கல்யாணமும் கோயிலும் பாட்டுப் புத்தகமும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

ஆனாலும் ஒன்று புரிந்தது. என் கேமராவுக்குள் இருப்பது சின்ன சென்சார், கிராப் சென்சார் என்பார்கள். பெரிய சென்சார் கேமராவில் போட்டால் ஒரு தூரம் இழுக்கும் லென்ஸை இதில் போட்டால் முகம் இன்னும் பக்கத்தில் வந்துவிடும். சின்ன சென்சாருக்கென்றே சின்னதாகச் செய்த லென்ஸும் இருக்கிறது. ஐம்பத்தைந்து மில்லிமீட்டரில் ஆரம்பித்து இருநூறுவரை இழுக்கும், உள்ளேயே ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு உண்டு, தானாக ஃபோகஸ் ஆகும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. எனக்கு அது போதும். எனக்கு அதுதான் வேண்டும்.

அடங்குமா என்று பார்க்க வேண்டுமே. லென்ஸின் நீளத்தை ஸ்கேலில் பார்த்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். அக்காவின் பவுடர் டப்பா ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. முழுக்க இழுத்தால் லென்ஸ் இன்னும் கொஞ்சம் நீளுமே என்று டப்பாவின் தலையில் ஒரு பாட்டில் மூடியை ஒட்டிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை பயிற்சியில் பாட்டுப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு குறி பார்த்தேன். அழகாக அடங்கியது. பக்கத்தில் இருந்தவள் நான் பாடும்போது பவுடர் போட்டுக்கொள்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

நானே ஆன்லைனில் வாங்கியிருப்பேன். மாமா விடவில்லை. “எம் புள்ள கல்யாணம், நான் வாங்கித் தரேன். ஒரு பொருள கண்ணால பாக்காம, கையில தொடாம வாங்கறதா?” என்றார். அவர் ஆசையாகச் சொன்னார், நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வேலூருக்குப் போனோம். கடைக்காரர் நான் கேட்ட லென்ஸை எடுத்து வைத்தார். மாமா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை லேசாக மேலும் கீழும் ஆட்டினார். ஆரணியில் பட்டுக்காரர்கள் எல்லோரும் எதையும் இப்படித்தான் பார்ப்பார்கள். புடவையானாலும் அப்படித்தான், வெள்ளிக் குங்குமச்சிமிழானாலும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கையில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பிரிப்பார்கள்.

“இன்னாம்மா இது, காலி டப்பா மாதிரி கீது. உள்ள கண்ணாடி கீதா இல்லியா?”

“கீது மாமா. கனம் இல்லாததுதான் நமக்கு வேணும்.”

“கனமே இல்லாத பொருள் எப்படிம்மா தூரத்தப் புடிக்கும்?”

ஒளி, வளைவு, சென்சார் என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெரிய சென்சாருக்குச் செய்த பழைய லென்ஸ் ஒன்று, இரும்பு உடம்போடு, குழவிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் சின்ன லென்ஸைக் கேமராவில் மாட்டி, கடை வாசலுக்குப் போய், எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டோக்காரர் பேசுவதைப் படம் பிடித்தேன். அவர் வாயில் இருந்த பாக்குக்கூடத் தெரிந்தது. சந்தோஷத்தோடு உள்ளே வந்தால், மாமா பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். குழவிக்கல் ஏற்கெனவே அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது.

“முந்நூறு வரைக்கும் இழுக்குமாம். உன்னுது எரநூறுதான. எங்கிட்ட வுட்டுடு, நான் பொருள் பாத்து வாங்கறவன்.”

கடைக்காரர் முன்னால் சண்டை போட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். வண்டியில் வந்த வழி முழுக்க அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. ஆரணி வருவதற்குள் என் தொடை மரத்துப்போனது.

வீட்டில் மாட்டிப் பார்த்தேன். அது தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமானால் கேமராவுக்குள் ஒரு மோட்டார் இருக்க வேண்டும். என் கேமராவில் அது இல்லை. வளையத்தைக் கையால் திருகித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும். ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடும் அதில் கிடையாது. இடது கையால் குழவிக்கல்லைத் தாங்கி, அதே கையால் வளையத்தைத் திருகி, வலது கையால் கேமராவைப் பிடித்தால், பாட்டுப் புத்தகத்தை யார் பிடிப்பது? பயிற்சிக்கு எடுத்துப் போனேன். அது புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு எடுத்த படத்தில் முகம் பெரிதாகத்தான் வந்தது, ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆடியது. அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள்.

“ஒண்ணும் புரியலடி,” என்றாள். “இவ பாடறாளா கொட்டாவி வுடறாளா?”

மாமாவிடம் சொன்னேன். பழகினால் சரியாகிவிடும் என்றார். மறுநாளும் சொன்னேன். கல்யாண வேலையில் இது ஒரு பேஜாரா என்றார். பத்திரிகை வைக்க வருகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்த லென்ஸை எடுத்துக் காட்டினார். “புடிச்சிப் பாருங்க,” என்று கையில் வைப்பார். அவர்களும் உள்ளங்கையில் ஆட்டிப் பார்த்து, “நல்ல கனம்,” என்று மெச்சுவார்கள். ஒருத்தராவது இதில் படம் எப்படி வரும் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிடும் போல இருந்தது. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கோபம் லென்ஸ் மேல் இல்லை. அக்கா வாயைத் திறந்து கேட்டதே இது ஒன்றுதான். அதை உள்ளங்கையில் ஆட்டிப் பார்த்து ஒதுக்குகிறார்களே என்றுதான் ஆற்றாமை.

முடிச்சை அவிழ்த்தவள் அக்காதான். அன்று தெள்ளாரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்கக் கடைக்கு வந்திருந்தது. கூட்டம் என்பதால் அக்கா மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து பிரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்க வேண்டிய புடவைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா ஒரு அரக்குப் புடவையைக் கையில் எடுத்தார், ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னாங்க, கனமே இல்லியே. காஞ்சிபுரத்துதுன்னா எடுத்தாலே கை எறங்கும்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பேச்சு அவர் தினமும் கேட்பது, இதற்குப் பதிலும் தினமும் சொல்வது.

“கனத்த வெச்சி பொருள எட போடாதீங்கம்மா. லேசா இருக்கறது கொறயில்ல, அதான் ஆரணிப் பட்டோட வேலயே. காலைல கட்டிகினா உங்க பொண்ணு சாய்ங்காலம் வரைக்கும் இதோட நிக்கணும், உக்காரணும், ஊர்ல இருக்கறவங்க கால்ல எல்லாம் வுழுந்து எழணும். எதுக்கு வாங்கறோம்னு பாத்து வாங்கணும்மா. கனத்தப் பாத்து வாங்கினா கட்டிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்.”

“இதத்தான் இவ லென்சுக்குச் சொன்னா,” என்றாள் அக்கா.

அவள் குரல்தான் தெரியுமே. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மாமா வாயைத் திறந்தபடியே இருந்தார். அக்கா மடித்த புடவையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“பொடவைக்கு ஒரு பேச்சு, லென்சுக்கு ஒரு பேச்சா? நீங்க கனத்தப் பாத்துகினு இருங்க. நான் எம் புள்ள முதுகப் பாத்துகினு வூட்டுக்கு வரேன்.”

தெள்ளார் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா முதுகு?” என்று மகளிடம் கேட்டார். மாமா அரக்குப் புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அந்தப் புடவையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல், “கெளம்பு, ஜல்தியா போயிட்டு வந்துடலாம்,” என்றார் மாமா. வேலூர்க் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். சின்ன லென்ஸை மாமா ஒருமுறை உள்ளங்கையில் வைத்தார், பழக்கதோஷத்தில் கை ஆடப் போயிற்று, நிறுத்திக்கொண்டு என்னிடம் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் வழியில் நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்தன்று எல்லாம் நான் நினைத்தபடி இருந்தது. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தை முன்னால் நிமிர்த்தினேன். அதன் ஓரத்தை ஒட்டி லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் முந்தின நாள்தான் வந்திருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது. படிக்குக் கீழே அவனும் பெண்ணும் வந்து நின்றார்கள். இழுத்துப் பார்த்தேன். அவன் வாய் திரையில் நிறைந்தது. உதடு உலர்ந்து ஒட்டியிருந்ததும், அதை அவன் நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டதும்கூடத் தெரிந்தது. இனி அவன் என்ன சொன்னாலும் அக்காவுக்கு ஒரு எழுத்து தப்பாது. ரெக்கார்டு பொத்தானை அழுத்தினேன்.

போதகர் இருவர் வலது கையையும் சேர்த்து வைத்தார். முதல் வரியைச் சொன்னார். அக்கா மகன் மூச்சை இழுத்தான். என் திரையில் வாய் திறக்கப் போனது. அப்படியே அது நகர்ந்து மறைந்து, அந்த இடத்தில் ஒரு காது வந்து நின்றது.

அவன் திரும்பிவிட்டான். பெண்ணின் கையை விடாமல், போதகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சபையைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? பவுடர் டப்பா, வேலூர், குழவிக்கல், தெள்ளார் குடும்பம், எல்லாம் ஒரு காதுக்காகவா? திரும்புடா, ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு என்று பல்லைக் கடித்தேன். திரையில் அவன் தாடை மட்டும் அசைந்தது. போதகர் மைக்கை அவன் பக்கம் நீட்டினார், அது எட்டவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். அவன் யாரைப் பார்க்கிறான் என்று எனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரமாயிற்று.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் முகத்தைக் காட்டாமல் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அடுத்த அறையிலிருந்து அம்மா என்று கூப்பிடுகிற பழக்கமே அவனுக்கு வரவில்லை. எழுந்து வந்து, எதிரில் நின்று, பிறகுதான் வாயைத் திறப்பான். அன்றும் அதைத்தான் செய்தான். அவன் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. கை தானாக லென்ஸை முதல் பெஞ்சுக்குத் திருப்பியது. அக்காவின் முகம் திரையில் நிறைந்தது. அவள் கண் அவன் வாயில் இருந்தது. அவன் ஒரு வரி சொல்லி முடித்ததும் அவள் உதடு அதே வரியைச் சொன்னது. உதடு மட்டும் இல்லை. அந்த ஏற்ற இறக்கம் இல்லாத பெரிய குரலில், நோயிலும் சுகத்திலும் கைவிடமாட்டேன் என்பதை எல்லாம், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி சொன்னாள். மாமா அவள் கையைத் தொட்டு அடக்கப் போனார், பிறகு விட்டுவிட்டார். போதகர் அவசரப்படுத்தவில்லை. நான் அழுதுகொண்டே எடுத்தேன். கனமில்லாத லென்ஸ் என் கை நடுக்கத்தை எல்லாம் உள்ளேயே அடக்கிக்கொண்டது.

சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு அக்கா என்னைத் தேடி வந்தாள். “குடு, பாக்கலாம்,” என்று கேமராவை வாங்கிக்கொண்டாள். முதலில் காது வந்தது. “இதுக்கா இவ்ளோ ஆட்டம் ஆடின?” என்று சிரித்தாள். பிறகு அவள் முகம் வந்தது. சிரிப்பு நின்றது. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தன் வாயைத் தானே படித்தாள். முடிகிறவரை தலையைத் தூக்கவில்லை.

“நான் வாயத் தெறந்து சொன்னனா?”

அவளுக்குத் தெரியும்படி முகத்தை நேராகக் காட்டி, “சொன்ன,” என்றேன்.

“சத்தமாவா?”

“கோயிலு முழுக்க கேட்டுச்சு.”

அவள் முகம் சுண்டிப்போனது. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். என் அங்கியின் கையைப் பிடித்து இழுத்து, தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அவனுக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா,” என்றேன். “நீ ஒவ்வொண்ணா சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்துகினு இருந்துட்டுதான் அடுத்தத சொன்னான்.”